கோட்டைத் தாண்டாத பந்து

1

போன சனிக்கிழமை காலை, பள்ளிக்கூட மைதானத்தை ஒட்டிய கார் நிறுத்துமிடத்தில், காரின் நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். குளிர் இன்னும் வரவில்லை. மழையும் இல்லை. என் குரல் வெளியே போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

மைதானத்தில் என் மகன் முருகேசன் விளையாட இருந்தான். பதினாறு வயது. சங்கரன்கோவிலில் பிறந்து, நடக்கப் பழகிய சில மாதங்களில் என் தோளில் தூங்கிக்கொண்டே விமானத்தில் வந்தவன். அந்தப் பெயர் வாயில் நுழையாமல் பள்ளிக்கூடத்துப் பையன்கள் ‘மர்ஃப்’ என்று சுருக்கிவிட்டார்கள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. இப்போது டெலிபோனில் யாராவது ‘மர்ஃப் இருக்கானா?’ என்று கேட்டால், நானே மாடியைப் பார்த்து ‘மர்ஃப், உனக்குத்தான்’ என்று கூப்பிடுகிறேன்.

இங்கே ஓஹையோவில், தண்ணீர்ப் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வரைபடம் சரிபார்க்கிற வேலை எனக்கு. மற்றவர்கள் வரைந்ததில் அளவு தப்பியிருக்கிறதா என்று பார்ப்பேன். சந்தேகம் வந்தால் சிவப்புப் பென்சிலால் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடலாம்; ஏன் என்று யாரும் கேட்பதில்லை. என் குணத்துக்குப் பொருந்திய வேலை. சந்தேகம் வந்தால் கையை எடுத்துவிடுகிற குணம். அந்தக் குணம்தான் போன வருஷம் இதே மைதானத்தில் என் மகனைத் தலைகுனிய வைத்தது. வருஷம் ஒன்று ஆகப்போகிறது. எழுத உட்கார்ந்தால் இன்னும் உள்ளங்கை வேர்க்கிறது.

2

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் இந்த ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். இங்கே ஃபுட்பால் என்பது நம் கால்பந்து இல்லை. பந்து உருண்டையாக இருக்காது. இரண்டு முனையும் கூம்பி, உரிக்காத தேங்காய் போல இருக்கும். பெரும்பாலும் அதைக் கையில் அணைத்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள். பந்து வைத்திருக்கிற அணிக்கு நாலு வாய்ப்பு. அதற்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முடியாது என்று தெரிந்தால், நாலாவது வாய்ப்பில் பந்தை எதிராளியின் பக்கம் தொலைதூரத்துக்கு உதைத்து விட்டுவிடுவார்கள். ‘இந்தா, நீயே வைத்துக்கொள். ஆனால் அங்கேயிருந்து தொடங்கு’ என்கிற மாதிரி. அப்படி உதைப்பதற்கென்றே அணியில் ஒருவன் உண்டு. அவன்தான் முருகேசன்.

உடற்பயிற்சி வகுப்பில் அவன் பந்தை உதைத்த விதத்தைப் பயிற்சியாளர் பார்த்திருக்கிறார். அன்றே அணிக்கு அழைத்துவிட்டார். அப்புறம் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு சம்மதப் படிவம் வந்தது. எலும்பு முறிந்தாலும் கழுத்து பிசகினாலும் பள்ளி பொறுப்பில்லை என்று அடுக்கடுக்காக இருந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். விளக்கம் கேட்கப் பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, “எல்லாரும் கையெழுத்துப் போடுவதுதானே!” என்றாள். மறுபடியும் போனேன். மறுபடியும் அதே சிரிப்பு.

என் மனைவி சரோஜா வாசுதேவநல்லூர்க்காரி. பேச்சை இழுத்துக்கொண்டு போகிறவள் இல்லை.

“மரத்துல ஏறாத, கெணத்துல குதிக்காதன்னு உங்கப்பா சொன்னாவ. நீங்க ஏறவும் இல்ல, குதிக்கவும் இல்ல. இப்பம் என்னத்தக் கண்டீங்க? பேனாவ இங்கன தாங்க” என்று வாங்கி, அவளே கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

சரி, பிள்ளை விளையாடத்தான் போகிறான், விதியையாவது தெரிந்துகொள்வோம் என்று நூலகத்தில் விதிப் புத்தகத்தை எடுத்து வந்து படித்தேன். ஒரு வரி புரிந்தால் அடுத்த வரி புரியவில்லை. பாதியில் மூடிவைத்தேன். மைதானத்துக்குப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

முதல் ஆட்டத்திலேயே ஒரு பாடம் கிடைத்தது. முருகேசன் உதைத்த பந்து உயரப் போய், எதிரணியின் பக்கம் விழுந்து உருண்டது. எங்கள் அணிப் பையன் ஒருவன் துரத்திப் போய் அதை எடுத்துக்கொண்டு ஓடினான். நான் கைதட்டினேன். உடனே விசில். ஓடியது கணக்கில் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு தகப்பன் எனக்கு விளக்கினார்: “உதைத்துவிட்டால் அது நம் பந்து இல்லை. கொடுத்தாயிற்று. கொடுத்ததை எடுத்துக்கொண்டு ஓட முடியாது.”

இது எனக்கு உடனே புரிந்தது. புத்தகத்தில் புரியாதது அத்தனையும் இந்த ஒரு வார்த்தையில் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. அது ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பிறகு யோசித்தேன்.

எங்கள் ஊர் ஆடித்தபசு தெரிந்தவர்களுக்குச் சூறை விடுவது தெரிந்திருக்கும். கோமதியம்மன் தபசு நிற்கிற சாயங்காலம், சுற்று வட்டாரத்துச் சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தி, மிளகாய் வத்தல், கம்பு, எதுவோ அதில் ஒரு பிடியைக் கொண்டுவந்து அம்மாளை நோக்கி வீசுவார்கள். எங்கள் அப்பா தாலுகா ஆபீஸ் எழுத்தர். காடும் இல்லை, கரையும் இல்லை. ஆனாலும் கொஞ்சம் பருத்தி வாங்கி என் கையில் கொடுத்து வீசச் சொல்வார். ஆறோ ஏழோ வயசு இருக்கும். நான் வீசிய பருத்தி போகவில்லை. முன்னால் நின்றவர் முதுகில் பட்டு என் காலடியிலேயே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். மணிக்கட்டில் பளீரென்று ஓர் அடி.

“தொடாதல! விட்டது விட்டதுதான். இனி அது நம்மது இல்ல.”

அடி வலிக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்ததுதான் வலித்தது. அதற்கப்புறம் கையை விட்டுப் போன எதையும் நான் குனிந்து எடுத்ததாக ஞாபகம் இல்லை.

3

போன வருஷத்து அந்தச் சனிக்கிழமை எங்கள் பிள்ளைகள்தான் முன்னிலையில் இருந்தார்கள். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. சின்ன வகுப்பு அணிகளின் ஆட்டம் என்பதால் கூட்டம் அதிகம் இல்லை. மைதான ஓரத்தில் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் பெற்றோர்கள், தெர்மாஸ் காப்பி, போர்வை. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றேன். பந்து எங்கள் எல்லைக்குப் பக்கத்தில் இருந்தது. நாலாவது வாய்ப்பு. முருகேசனைக் கூப்பிட்டார்கள்.

அவன் பின்னால் போய் நின்றான். பந்து அவன் கைக்கு வந்தது. உதைத்தான். எதிரணிப் பையன் ஒருவன் எப்படியோ உள்ளே புகுந்து பாய்ந்து அதை மார்பில் வாங்கினான். டொம் என்று சத்தம் கேட்டது. பந்து திரும்பி, தரையில் இப்படியும் அப்படியும் துள்ளி, முருகேசன் கைக்கெட்டும் தூரத்தில் வந்து கிடந்தது. பாய்ந்தவன் கீழே கிடந்தான். மற்றவர்கள் ஒரு குவியலாகச் சிக்கிக்கொண்டிருந்தார்கள். இடது பக்கம் முழுக்க வெறும் புல்.

முருகேசன் குனிந்தான். இரண்டு கையும் பந்துக்கு மேலே இருந்தது.

“லேய்! தொடாதல! விட்டுரு!”

எனக்கே தெரியாத சத்தம். வீட்டில்கூட அப்படிக் கத்தியதில்லை.

கயிற்றின் இரண்டு பக்கமும் அத்தனை பேரும் ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் அவனுக்குத் தனியாகக் கேட்டது என் சத்தம் ஒன்றுதான். வீட்டில் நான் தமிழில் பேசினால் அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கி வருஷக்கணக்காகியிருந்தது. சாப்பிட வாலே என்றால் ‘ஒரு நிமிஷம்’ என்று ஆங்கிலத்தில் குரல் மட்டும் வரும், ஆள் வரமாட்டான். பிள்ளை கைவிட்டுப் போகிறான், தமிழ் போய்விட்டது, நம் சொல்லும் போய்விட்டது என்று சரோஜாவிடம் புலம்பாத நாள் இல்லை. அப்படிப்பட்டவன் அன்றைக்கு, அந்த ஒரு சொல்லுக்கு, சுட்டுக்கொண்டவன் போல இரண்டு கையையும் இழுத்துக்கொண்டு நிமிர்ந்தான். நிமிர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அதற்குள் எதிரணிப் பையன் ஒருவன் பந்தை அள்ளிக்கொண்டு எங்கள் எல்லைக்குள் ஓடிப் புள்ளி எடுத்துவிட்டான். ஆட்டம் போய்விட்டது.

இதற்கு மேல் நடந்ததுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. காரில் வரும்போது நான் அவனைத் தேற்றினேன். “போனா போவுது. நல்லவேளை, நீ தொடல. தொட்டிருந்தா தப்பாட்டம்னு விசில் ஊதியிருப்பான்” என்று சொன்னேன். பெருமையாகவே சொன்னேன். பின்சீட்டில் அவன் தலைக்கவசத்தை மடியில் வைத்து, உள்ளே இருக்கும் பஞ்சுத் திண்டை விரலால் அழுத்துவதும் விடுவதுமாக இருந்தான். முன்னால் இருந்த கண்ணாடி வழியாக ஒரு தடவை என்னைப் பார்த்தான். 

4

திங்கட்கிழமை பக்கத்து மேஜைக்காரரிடம் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன். இளவயதில் விளையாடியவர். என் குரல் சங்கதியைச் சொல்லவில்லை. பந்து திரும்பி வந்ததையும், பையன் தொடாமல் நல்லபடியாக நின்றுகொண்டதையும் மட்டும் சொன்னேன்.

அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“பந்து கோட்டைத் தாண்டியதா?” என்று கேட்டார். ஒவ்வொரு வாய்ப்பும் தொடங்கும் இடத்தில், இரண்டு அணிக்கும் நடுவில் இருக்கிற கோடு.

“இல்லை. இந்தப் பக்கமேதான் கிடந்தது.”

“அப்படியானால் அது உங்கள் பையனுடைய பந்து. தாண்டிப் போயிருந்தால்தான் அவர்களுடையது. தடுத்து இந்தப் பக்கமே விழுந்தால் எடுத்துக்கொண்டு ஓடலாம். யாருக்காவது எறியலாம். நேரம் இருந்தால் இன்னொரு தடவை உதைக்கலாம். ஒன்றுமே முடியாவிட்டால் அதன்மேல் விழுந்து படுத்துக்கொள்ளலாம். எதிரி எடுத்துக்கொண்டு ஓடாமலாவது இருப்பான். சும்மா விடுவது ஒன்றுதான் செய்யக் கூடாதது. யார் அவனை விடச் சொன்னது?”

“தெரியவில்லை” என்றேன்.

அன்று பூராவும் எந்த வரைபடத்தைப் பார்த்தேன் என்று நினைவில்லை. அவனுக்கு விதி தெரியும். பயிற்சியாளர் சொல்லித்தராமலா இருப்பார்? தெரிந்துதான் குனிந்தான். தெரிந்தே என் சொல்லுக்காக நிமிர்ந்தான். காரில் நான் ‘நல்லவேளை’ என்று சொன்னதையும் கேட்டுக்கொண்டு வந்தான்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். “ரசம் ஊத்தவா?” என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினான். பேச்சு அதோடு நின்றது.

பள்ளியில் அவனைச் ‘சிலை’ என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். இதை அவன் சொல்லவில்லை. கடையில் பார்த்த ஒரு பையன் அப்படிக் கூப்பிட்டதில் தெரிந்தது. அவன் நடந்து போகும்போது, குனிந்து கையை நீட்டி அப்படியே அசையாமல் நின்று காட்டுவார்களாம். பயிற்சியாளரிடம் ‘பயத்தில் உறைந்துவிட்டேன்’ என்று சொல்லியிருக்கிறான். பருவம் முடிந்து பெற்றோரைக் கூப்பிட்டிருந்தபோது பயிற்சியாளர் என் தோளில் கை வைத்து, “நல்ல பையன். ஒரு நொடி பயந்துவிட்டான். எல்லாருக்கும் நடப்பதுதான்” என்றார். முருகேசன் பக்கத்தில்தான் நின்றான். நான் தலையாட்டினேன். ஆமாம், எல்லாருக்கும் நடப்பதுதான் என்று வாயாலும் சொன்னேன்.

அடுத்த வருஷம் விளையாடப்போவதில்லை என்று அன்று ராச்சாப்பாட்டின்போது சொன்னான். சரோஜா என்னைப் பார்த்தாள். கயிற்றோரம் அவளும் நின்றவள்தானே, அவளுக்குத் தெரியும். என்னைச் சொல்லவைக்கப் பார்த்தாள். நான் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தேன்.

5

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். முருகேசன் பெட்டியில் துணிக்கு நடுவே, வீட்டில் வைத்துப் பழகுகிற பந்தைத் திணித்துக்கொண்டு வந்திருந்தான். விளையாடவில்லை என்றவன் அதை ஏன் எடுத்து வந்தான் என்று நான் கேட்கவில்லை.

மெட்ராஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார்.

“இது என்ன சார்? உள்ளே என்ன இருக்கு?”

“காத்துதான் சார். பையன் விளையாடுறது.”

“பந்துன்னா உருண்டையா இருக்கணுமே.”

அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். வந்தவர் அதைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். எங்கள் பின்னால் வரிசை நீண்டது.  “பிரச்சினைன்னா இங்கேயே வச்சிடுறோம் சார்” என்று சொல்லிவிட்டேன். கையையும் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன்.

முருகேசன் என்னைப் பார்த்தான். பிறகு அதிகாரியிடம் கையை நீட்டி, “எங்களோடது” என்றான், தமிழில். அதிகாரி சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார்.

சங்கரன்கோவிலில் என் அக்கா ஆவுடையம்மாள் வீட்டில் தங்கினோம். அத்தானுக்குக் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் காடு, பருத்தியும் மிளகாயும். அக்காவின் மகள் செண்பகத்துக்கு முருகேசன் வயதுதான். நாக்கு அக்காவுடையது. வந்த அன்றே, “மாமா, உங்க மகன் தமிழ்ல பேசுவானா, இல்ல நாங்கதான் இங்கிலீஷ் படிக்கணுமா?” என்று கேட்டாள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு, “கொஞ்சம் பேசுவேன்” என்றான். “கொஞ்சத்துக்குக் கொஞ்சம் பரவால்ல” என்றாள்.

மொட்டைமாடியில் மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தவன், மேலே அவர்கள் பேசுவது கேட்டு நின்றேன். முருகேசன் அவளுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். வத்தல் வரிசைதான் கோடு. அவன் இத்தனை தமிழை ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை.

“பால் இந்த வத்தலுக்கு அந்தப் பக்கம் போனா, அவங்களோடது. நான் எடுத்து ஓட முடியாது. ஆனா அவங்க தடுத்து, இந்தப் பக்கமே விழுந்தா, இன்னும் என்னோடது. ஓடலாம். எறியலாம். திருப்பி உதைக்கலாம்.”

“அப்பம் நீ என்ன செஞ்ச?”

“ஒரு தடவ அப்படி வந்திச்சு. நான் எடுக்கல. தோத்துட்டோம்.”

“ஏன் எடுக்கல? கையில எண்ணெயா தடவியிருந்த?”

மேலே வத்தலைக் கிண்டுகிற சத்தம் கேட்டது.

“பயந்துட்டேன்” என்றான்.

ஏழெட்டுப் படிதான் மேலே. ஏறிப்போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சத்தம் போடாமல் இறங்கி வந்துவிட்டேன்.

6

ஆடித்தபசுச் சாயங்காலம் தெற்கு ரத வீதியில் கால் வைக்க இடமில்லை. பஸ்ஸில் வந்தவர்களும் வண்டி கட்டி வந்தவர்களுமாக ஒரே நெரிசல். மேளச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அத்தான் தன் காட்டுப் பருத்தியைத் துண்டில் முடிந்துகொண்டு வந்திருந்தார். எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பிடி கொடுத்தார்.

“வீசுங்க மாப்ள. உங்க ஊர் டாலர் காட்டுலயும் நல்லா வெளையட்டும்” என்றார்.

சப்பரத்தைப் பார்த்து எல்லாரும் வீசினார்கள். முருகேசனும் வீசினான். பருத்தி கனமில்லாதது; எவ்வளவு வேகமாக வீசினாலும் போகாது. முன்னால் ஒருவர் விரித்திருந்த குடையில் பட்டுத் திரும்பி, அவன் காலடியிலேயே விழுந்தது.

அவன் குனிந்தான்.

“லேய்! தொடாதல! விட்டுரு!”

அதே சத்தம். அதே சொல். என் வாயிலிருந்துதான் வந்தது. அவன் குனிந்த மேனிக்கு, கை நீட்டிய மேனிக்கு, அப்படியே நின்றான். பள்ளிப் பையன்கள் நடித்துக் காட்டுவார்களாமே, அப்படி.

அக்கா என் கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். “ஏம்ல புள்ளைய அதட்டுத? இங்கனதான கெடக்கு! அம்மாகிட்டப் போய்ச் சேரலையே! எடு மருமவனே, எடுத்து இன்னொரு வாட்டி வீசு!”

“விட்டத எடுக்கக் கூடாதுல்லாக்கா. அப்பா சொன்னாரே. என் கையில அடிச்சாரே.”

“எது, நீ சின்னப்புள்ளையில குனிஞ்சியே, அதுவா? ஏலே, கூட்டத்துல குனிஞ்சா மிதிச்சிருவாங்கன்னு அவருக்குப் பயம். அதுக்கு அடிச்சாரு. வாயில வந்ததச் சொன்னாரு. அத இம்புட்டுக் காலமாவால பிடிச்சுக்கிட்டுக் கெடக்க?”

செண்பகம் முருகேசனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகம் மாறுவது தெரிந்தது.

“மாமா, ஒரு சந்தேகம். அன்னைக்கு அங்கன பந்து வுழுந்தப்பமும் நீங்கதான் கத்துனீங்களோ?”

விளையாட்டாகத்தான் கேட்டாள். முருகேசன் சட்டென்று நிமிர்ந்து, “இல்ல இல்ல, நான்தான் பயந்து...” என்று தொடங்கினான்.

“ஆமா. நான்தான்” என்றேன்.

மேளச் சத்தத்தில் அக்காவுக்குக் கேட்கவில்லை. காதில் கையை வைத்துக்கொண்டு, “என்னல சொன்ன?” என்று கத்தினாள்.

ஒரு தடவை சொல்வதற்கே எனக்கு இத்தனை மாதம் ஆகியிருந்தது. இப்போது ஊரே கேட்க இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

“நான்தான்க்கா கத்துனேன்! அவன் எடுக்கத்தான் குனிஞ்சான்! அது அவன் பந்துதான்! நான்தான் தொடாதன்னு சொன்னேன்! அவன் பயப்படவே இல்ல!”

குடைக்காரர் திரும்பிப் பார்த்தார். நாலைந்து பேர் திரும்பினார்கள். என்ன ஏது என்று தெரியாமல் ஒருவர் சிரித்தார்.

அக்கா முழுசாகப் புரிந்துகொண்டாளோ என்னவோ. “அப்பா போயி எம்புட்டு வருஷமாச்சு. அவரு சத்தத்த மட்டும் கப்பல்ல ஏத்திக் கொண்டு போயிட்டியேல” என்றாள்.

“கப்பல் இல்லம்மா, பிளேனு” என்றாள் செண்பகம்.

முருகேசன் குனிந்து பருத்தியை எடுத்தான். அதை உள்ளங்கையில் வைத்து இறுக்கி இறுக்கிச் சின்ன உருண்டையாக்கினான். கையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய், அங்கே பந்தை எறிவார்களே அப்படி, எறிந்தான். அது குடைக்கு மேலே போய்விட்டது. எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது நெரிசலில் அவனும் நானும் பின்தங்கிவிட்டோம்.

“ஏம்ல யாருகிட்டயும் சொல்லல? அப்பாதான் கத்துனாருன்னு சொல்லியிருக்கலாம்லா.”

அவன் தமிழில் சொற்களைத் தேடினான். “எல்லாரும் என்னப் பாத்துச் சிரிச்சாங்க. சொன்னா உங்களப் பாத்துச் சிரிப்பாங்க. நீங்க ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவீங்கல்ல. அதான்.”

 வளையல் கடைக்கு முன்னால் அக்காவும் செண்பகமும் எங்களுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்துகொண்டோம்.

7

ஆகஸ்டில் திரும்பி வந்ததும், யாரும் சொல்லாமலே பயிற்சிக்குப் போகத் தொடங்கினான். நானும் பயிற்சியாளரைப் போய்ப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர் விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். “அவன் என்னிடம் சொல்லவே இல்லையே” என்றார். அவ்வளவுதான். ‘சிலை’ என்ற பெயர் போய்விடவில்லை. அது எளிதில் போகாது போலிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை, பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள், என்னிடம் வந்து நின்றான்.

“நாளைக்கு வருவீங்களாப்பா?”

“வாரேன்” என்றேன். அவன் போகாமல் நின்றான். “கார்லயே இருந்துக்கிடுதேன். கண்ணாடிய ஏத்திருதேன்.”

அதெல்லாம் வேண்டாம் என்று சொல்வான் என எதிர்பார்த்துத்தான் சொன்னேன்.

“சரிப்பா” என்றான். தமிழில்.

சனிக்கிழமை சரோஜா மட்டும் இறங்கி, போர்வையை எடுத்துக்கொண்டு கயிற்றோரம் போனாள். போகும்போது கண்ணாடியைத் தட்டி, “கூண்டுல கெடக்க கரடி மாதிரி இருக்கீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். வாயசைப்பில் புரிந்தது.

உள்ளே புழுக்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, என் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் ஒரு விரற்கடை இறக்கினேன். கூட்டத்தின் இரைச்சல் மெல்ல உள்ளே வந்தது. நாலாவது வாய்ப்பு. முருகேசன் ஓடி வந்து தன் இடத்தில் நின்றான். பந்தை வாங்கக் கையை நீட்டுவதற்கு முன்னால், தலைக்கவசத்தோடு கார்கள் நிற்கிற பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு விரற்கடைச் சந்து தெரிந்திருக்க முடியாது. ஆனாலும் நான் கண்ணாடியை ஏற்றுகிற கைப்பிடியை அவசரமாகச் சுழற்றி அதையும் மூடினேன். என் மூச்சுக் காற்றில் கண்ணாடி முழுக்க மங்கிப்போனது. சட்டைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்தபோது பந்து மேலே போய்விட்டிருந்தது. எல்லாரும் அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள், அவனும். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

என் கை கைப்பிடியிலேயே இருந்தது.